கோப்பெங்கில் ராடு விழுந்த இடம்

முழங்கால் வலிக்கு உள்நாடு வெளிநாடு என்ற வித்தியாசம் கிடையாது. மலேசியாவில், சுங்காய் என்ற சிற்றூரின் ஓரத்தில், பேருந்து நின்றுபோன ஒரு பகல் வேளையில் இதை உறுதிசெய்துகொண்டேன்.

கோலாலம்பூரிலிருந்து வடக்கே ஈப்போவுக்குப் போகிற பேருந்து அது. நான் இறங்க வேண்டியது ஈப்போவுக்குச் சற்று முன்னால் வருகிற கோப்பெங். சுங்காய் பக்கம் வந்தபோது வண்டிக்குள் கருகல் நாற்றம் அடித்தது. ஓட்டுநர் ஓரங்கட்டிவிட்டு, "செக்கெஜாப்" என்றார். கொஞ்ச நேரம் என்று அர்த்தமாம், பக்கத்து இருக்கைப் பெண் சொன்னாள். நம் ஊர் ஓட்டுநர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து 'அஞ்சு நிமிஷம் சார்' என்கிறாரோ, அதே கடிகாரம்தான் இங்கேயும் ஓடுகிறது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம், நடுவில் தகரக் கூரை, உள்ளே கைலி கட்டிய முதலாளி. என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, பசியாறியாச்சா?" என்றார். காலைச் சாப்பாட்டைப் பசியாறுதல் என்று சொல்கிற ஊரில் எனக்குப் பாதி களைப்பு போய்விட்டது. அவருடைய தாத்தா ராமநாதபுரத்துக்காரராம். நம் ஊர் பரோட்டாவுக்குப் பங்காளி முறையாக வேண்டிய ரொட்டி சானாய் வந்தது. நம்மிடம் சால்னாவில் மூழ்கடிப்பார்கள், இவர்கள் பருப்புக் குழம்பைச் சின்னக் கிண்ணத்தில் தனியாக வைக்கிறார்கள். தொட்டுத்தான் சாப்பிட வேண்டுமாம். எனக்குப் பொறுமை இல்லை, ஊற்றிக்கொண்டேன்.

"எங்கண்ணே போறீங்க?"

"கோப்பெங். அத்தை மகன் வீடு. வீட்டுக்குப் பின்னால பூமி உள்ள போயிருச்சாம்."

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "அந்தப் பக்கம் அப்படித்தான்லா. தரைக்குக் கீழ பூராவும் பொந்து. எங்க மாமா காலத்துல ஒரு லோரி நின்ன இடத்துலயே உள்ள போச்சுனு சொல்வாரு. நீங்க டாக்டரா, பூமிக்கு?"

கிட்டத்தட்ட அதுதான். சிவகங்கைச் சீமையில் முப்பது வருடம், ஆழ்துளைக் கிணறு போட இடம் பார்த்துச் சொல்லும் அரசாங்க வேலை செய்தவன் நான். வைகை தன் பழைய தடங்களை மண்ணுக்குள் எங்கெங்கே மறைத்து வைத்திருக்கிறது என்று தேடியே முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். லோரிக் கதையைக் கேட்டு நான் சிரித்தேன். கடைக்காரர்கள் அளப்பார்கள் என்று நினைத்தேன்.

மாற்று வண்டியில் ஏறியதும் தூங்கிப்போனேன். பீடோரில் பிஸ்கட் பொட்டலங்களோடு ஒரு கூட்டம் ஏறியது அரைகுறையாக நினைவிருக்கிறது. கண் விழித்தபோது ஈப்போ வந்திருந்தது. கோப்பெங் எப்போதோ பின்னால் போய்விட்டது. அத்தை மகன் கணேசன் தன் பழைய வேனை எடுத்துக்கொண்டு அங்கிருந்து வந்து என்னை ஏற்றிக்கொண்டான்.

"என்னா மச்சான், ஊரு தெரியாம தூங்குறே? சிவகங்கை பஸ்ஸுனு நெனச்சியா?" என்றான். என் அத்தை கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தவள். கணேசன் இங்கேயே பிறந்து, ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டி வளர்ந்தவன். எனக்கு நான்கு வயது இளையவன், என்னைவிட இரண்டு மடங்கு பேசுவான்.

மறுநாள் காலையில்தான் குழியைப் பார்த்தேன்.

தோட்டம் என்று சொல்கிறார்களே தவிர அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், பிறகு நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். பழைய தொழிலாளர்களுக்கு என்று ஒரு ஓரத்தில் பன்னிரண்டு வீடுகள் மிஞ்சின. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு துண்டு நிலம். கறிவேப்பிலை, முருங்கை, வெண்டை என்று போட்டுச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். கிழக்கே பெரிய மலைத்தொடர் நீலமாகத் தெரிகிறது. பக்கத்திலேயே வயல்வெளியில் யாரோ கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனதுபோல் செங்குத்தான வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றுகள். ஒன்றைக் கல் உடைப்பதற்காகப் பாதி தின்றிருந்தார்கள்.

சமையல்கட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி, கணேசன் பிளாஸ்டிக் கயிறு கட்டி வைத்திருந்தான். அதற்கு அந்தப் பக்கம் பூமி இல்லை. ஒரு அறை கொள்ளும் அளவுக்கு வட்டமான பள்ளம். கறிவேப்பிலைச் செடிகள், துணிக்கொடி, கோழிக்கூடு எல்லாம் ஒரு விடியற்காலையில் உள்ளே போய்விட்டனவாம். கோழிகள் மட்டும் முந்தின நாள் மழையில் கூட்டுக்குத் திரும்பாமல் முருங்கை மரத்தில் ஒண்டியதால் தப்பித்தன.

கணேசனின் மனைவி செல்வி கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றாள். "அண்ணே, நான் ஈப்போவுல மக வீட்டுக்குப் போலாம்ங்குறேன். இவரு மாட்டேங்குறாரு. நீங்க என்ன சொல்றீங்களோ அதான். நீங்க இருன்னா இருக்கேன்."

கணேசன் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனான். "மச்சான், அந்த மலைய வெடி வச்சு ஒடைக்கிறானுங்க பாத்தியா? அதான் காரணம்னு சொல்லிடு. வெடிய நிறுத்தச் சொல்லி மனு போட்டிருக்கு, நிறுத்திட்டா பயமில்லனு அவகிட்ட சொல்லு. இந்த வயசுல மருமகன் வீட்டு சோபாவுல போய் உக்கார என்னால முடியாது லா."

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். களைப்பாக இருந்தது. முப்பது வருடம் இதே வாக்கியத்தைச் சொன்னவன், ஓய்வுபெற்ற பிறகும் கடல் தாண்டி வந்து சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலும் வந்தது.

பள்ளத்துக்கு அப்பால், நிலத்தின் வடகிழக்கு மூலையில், ஆழ்துளைக் கிணற்றின் குழாய் நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு செம்பருத்தியும் செருகியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தைத் தொலைபேசியிலேயே குறித்துக் கொடுத்தவன் நான். கிணறு ஈசான மூலையில்தான் இருக்க வேண்டும் என்று கணேசன் பிடிவாதம் பிடித்தான். பாறை வரை போனால் போதும், எந்த மூலையானால் என்ன என்று நானும் விட்டுக்கொடுத்தேன்.

அப்போது பக்கத்து வரிசையிலிருந்து ராக்கம்மா அக்கா வந்தார். தனியாக இருக்கிற பெண்மணி, எழுபதைத் தாண்டியவர், கையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. "இவருதானா அந்தத் தம்பி? உங்க புண்ணியத்துல நாங்க தண்ணி குடிக்கிறோம்யா" என்று கும்பிட்டார்.

எனக்கு விளங்கவில்லை. கணேசன் கைபேசியை எடுத்து எதையோ தட்டினான். என் குரல் கேட்டது. ஆறு வயது இளைய, முழங்கால் வலி இல்லாத குரல்.

"ராடு விழுந்துச்சா? அடிச்சதுடா யோகம்! விடாத. தேங்காய உடை, கேசிங் குழாய இறக்கு. தண்ணி உன் வீட்டத் தேடி வந்திருக்கு!"

துளை போடும்போது அடியில் பாறை வெடிப்பு அகப்பட்டால், துளையிடும் கம்பியான ராடு சட்டென்று இறங்கும். எங்கள் பக்கத்துக் கரும்பாறையில் அது நடந்தால் திருவிழாதான். வண்டிக்காரர் இயந்திரத்தை நிறுத்துவார், வீட்டுக்காரர் தேங்காய் உடைப்பார், பெண்கள் குலவையிடுவார்கள். வெடிப்பு என்றால் தண்ணீர். அந்தப் பழக்கத்தைத்தான் நான் கடல் தாண்டி அனுப்பியிருந்தேன்.

"இத நான் எல்லாருக்கும் போட்டுக் காட்டுவேன் மச்சான். ஒன் குரலக் கேட்டுட்டு இன்னும் நாலு வீட்டுல போர் போட்டாங்க. நாலுலயும் ராடு விழுந்துச்சு, நாலுலயும் தேங்கா ஒடைச்சோம்" என்றான்.

கிழங்கைக் கீழே வைத்தேன், சுங்காய்க் கடைக்காரரின் லோரி நினைவுக்கு வந்தது. தண்ணீர் கேட்டேன். அந்தக் குழாய்த் தண்ணீரையே கொண்டுவந்து தந்தார்கள்.

மத்தியானம் கணேசன் சந்தைக்குப் போன நேரத்தில், சமையல்கட்டு ஜன்னலில் ஏழு காப்பித்தூள் போத்தல்கள் வரிசையாக இருப்பதைக் கவனித்தேன். பத்தடிக்கு ஒரு தடவை வெளியே வரும் மண்ணை எடுத்து வை என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவன் எண் ஒட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறான். படம் எடுத்து அனுப்பவா என்று அன்றைக்குக் கேட்டான். தண்ணீர்தான் வந்துவிட்டதே, எதற்கு என்று சொல்லிவிட்டேன்.

செல்வியிடம் ஒரு பழைய செய்தித்தாள் வாங்கி, ஒவ்வொன்றாகக் கொட்டினேன். முதல் போத்தலில் வெள்ளை மணல். அது இயற்கை போட்டதில்லை. வெள்ளீயம் தோண்டிய காலத்தில் அலசிவிட்டு ஒதுக்கிய கழிவு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் சாம்பல் நிறக் களிமண். அதற்குள் கரிபோல் கறுத்த மரத்துணுக்கு. எப்போதோ வெள்ளம் வந்து, தேங்கி, வடிந்த இடம். நான்காவதிலும் ஐந்தாவதிலும் உருண்டு வழவழப்பான கூழாங்கற்கள், கூடவே கையில் கனக்கிற கறுப்பு மணல். ஈயத் தாது.

இந்தக் கற்களைப் பார்த்தபோது மட்டும் களைப்பு மறந்துபோனது. கிழக்கு மலையின் கருங்கல்லுக்குள் பிறந்தது அந்த ஈயம். மலை மழையில் இற்று உதிர, அதை ஆறு உருட்டிக்கொண்டு வந்தது. ஒரு ஆறு என்று சொல்வதுகூடத் தப்பு. வலப்பக்கம் ஒரு காலம், இடப்பக்கம் ஒரு காலம் என்று பள்ளத்தாக்கு முழுக்கப் புரண்டு படுத்த ஆறு. உலகம் குளிர்ந்து கடல் இறங்கிய யுகங்களில் மலாக்கா நீரிணை வெறும் தரை. இந்தப் பள்ளத்தாக்கின் கிந்தா ஆற்றுத் தண்ணீர் பேராக் ஆற்றில் சேர்ந்து, சுமத்ராவின் ஆறுகளோடு கைகோத்து, இன்று கப்பல் போகிற பாதையில் ஒரே பெரிய ஆறாக வடமேற்கே அந்தமான் பக்கம் ஓடியிருக்கிறது. அந்த நாளில் ராமேசுவரத்துக்கும் நடந்தே போகலாம். எங்கள் வைகையும் கடலைத் தேடி இன்னும் வெகுதூரம் நடந்திருக்கும். பிறகு கடல் ஏறி, எல்லாவற்றையும் மூடிவிட்டது. கணேசனுக்கும் எனக்கும் உள்ள உறவைவிடப் பழைய உறவு இந்த இரண்டு ஆறுகளுக்கும் இருக்கிறது என்று தோன்றியது.

ஆறாவது போத்தலில் வெள்ளைச் சில்லுகள். செல்வி ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரில் ஒரு துளி விட்டேன். சுர்ரென்று நுரைத்தது.

சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீரில் கரைகிற கல். ஆறு வருவதற்கு முன்பே கரையத் தொடங்கி, பள்ளமும் கூரும் பொந்துமாகக் கிடந்த தரை. அதன்மேல்தான் ஆறு தன் மணலைக் கொட்டி, மேலே சமமாக்கி, ஒன்றும் தெரியாததுபோல் போயிருக்கிறது. பொந்துகளில் நிறைந்து நின்ற தண்ணீர்தான் மேலே இருந்த மணலுக்கு முட்டுக்கொடுத்தது. அந்தத் தண்ணீரை ஐந்து மோட்டார் வைத்து ஆறு வருடம் உறிஞ்சினால், மணல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொந்துக்குள் இறங்கும். அடியில் கிழிந்த அரிசி மூட்டை மாதிரி, மேலே குழி விழுகிற வரை யாருக்கும் தெரியாது.

ஏழாவது போத்தல் காலி. ராடு விழுந்துவிட்டதால் மண் எதுவும் வரவில்லை. கணேசன் அதிலும் ஒரு சீட்டு ஒட்டி, 'தண்ணி' என்று எழுதி, குங்குமப் பொட்டு வைத்திருந்தான்.

என்னண்ணே ஆச்சு என்று செல்வி கேட்டாள். தலைவலி என்றேன். அன்றைக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் ஈப்போவைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கணேசன் கிளம்பினான். வேன் கிளம்பவில்லை. இரண்டு வயோதிகர்களும் அதைத் தள்ளினோம். என் முழங்காலின் கருத்தை அச்சில் ஏற்ற முடியாது.

குன்றுக்குள் இருந்த ஒரு குகைக் கோவிலுக்குப் போனோம். எல்லோரும் சாமியைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். என் தலைக்கு மேல் மூன்று ஆள் உயரத்தில், சுண்ணாம்புக்குள் பதிந்து இறுகிப்போன கூழாங்கல் கூட்டம். நான்காவது போத்தலில் இருந்த அதே வழவழப்பு. ஆறு ஒரு காலத்தில் அந்த உயரத்தில் ஓடியிருக்கிறது. தரை கரைந்து இறங்க இறங்க, அதுவும் கூடவே இறங்கியிருக்கிறது. இன்னும் இறங்கி முடிக்கவில்லை.

சாப்பாட்டுக் கடையில் அவித்த கோழியும் முளைப்பயறும் வந்தன. ஈப்போவின் முளைப்பயறு குட்டையாகக் கொழுகொழுவென்று இருக்கிறது, மலைத் தண்ணீரின் குணம் என்கிறார்கள். அடுத்த மேசையில் இரண்டு சீனப் பெரியவர்கள் கான்டனீஸில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கணேசன் காதைக் கொடுத்து எனக்கு மொழிபெயர்த்தான்.

"ஒருத்தர் சொல்றாரு, 'நான் பொறந்தப்ப ஆறு எங்க வீட்டு வாசல்ல இருந்துச்சு. லம்பத்துக்காரன், அதான் சுரங்கக்காரன், ஈயத்துக்காக ஆத்தையே தூக்கி அந்தப் பக்கம் வச்சுட்டான்.' இன்னொருத்தர் சொல்றாரு, 'ஒன் வீடு இருந்த எடத்துல இப்ப குட்டை, என் மகன் அங்கதான் மீன் வளக்குறான்.'"

இருவரும் சிரித்தார்கள். கணேசனும் சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "அவகிட்ட எப்ப மச்சான் சொல்லப் போறே, வெடிதான்னு?" என்றான்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வெடிதான் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்தச் சாப்பாடு முடியும்வரை அப்படிச் செய்வதாகத்தான் இருந்தேன்.

நான்காம் நாள் சாயங்காலம். மறுநாள் எனக்குப் பயணம். செல்வி தேநீர் வைத்தாள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் நேரம், ஐந்து மோட்டார்களும் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் கணேசனுடையது, அப்புறம் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று, கடைசியில் கொஞ்சம் கரகரப்பாக ஒன்று. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி என்னால் தேநீர் குடிக்க முடியவில்லை.

"கணேசா, வெடி இல்ல. போர்தான்."

"எந்தப் போர்?"

"நான் போடச் சொன்ன போர்." ஏழு போத்தல்களையும் மேசையில் வைத்து, வரிசையாகச் சொன்னேன். வினிகர் விட்டுக் காட்டினேன். "எங்க ஊர்ப் பாறையில ராடு விழுந்தா தண்ணி. இங்க விழுந்தா பொந்து. ஒரு படம் அனுப்பச் சொல்லியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நான்தான் வேண்டாம்னேன். செல்வி, நீ சொன்னதுதான் சரி. நாளைக்கே மக வீட்டுக்குப் போயிருங்க. இங்க உள்ள ஆபீஸ்காரங்க வந்து பூமிய சோதிச்சுப் பாக்குற வரைக்கும் இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

செல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணேசன் ஏழாவது போத்தலைக் கையில் எடுத்தான்.

"ஆறு வருஷமா ஊருக்கே போட்டுக் காட்டினேனே மச்சான்" என்றான். "கல்யாணத்துல, கருமாதியில, எல்லா எடத்துலயும். எங்க மச்சான் ஊருல இருந்தே பூமிக்கு உள்ள பாப்பான்னு சொன்னேனே."

அவன் எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினான். திரும்பி வந்து, கைபேசியை என் முன்னால் மேசையில் போட்டான். கோபமாகத்தான் போட்டான்.

"நான் சொன்னா எவனும் கேக்க மாட்டான். ஒன் குரலத்தான் கேட்டாங்க. பேசு. குரூப்புல போடுறேன்."

பேசினேன். இரண்டு தடவை நிறுத்தி, மறுபடி தொடங்கினேன். "நான் கணேசன் மச்சான் பேசுறேன். ராடு விழுந்தா யோகம்னு சொன்னது நான்தான். அது தப்பு. உங்க பூமிக்குக் கீழ பழைய ஆத்து மணல் இருக்கு, அதுக்குக் கீழ பொந்து இருக்கு. தண்ணி எடுக்க எடுக்க மணல் உள்ள இறங்கும். தயவுசெஞ்சு இப்பவே மோட்டார நிறுத்துங்க. தரையில, சுவர்ல விரிசல் இருந்தா வீட்ட விட்டு வெளிய வந்துருங்க. என்னை மன்னிச்சிருங்க."

கணேசன் அனுப்பினான். மூவரும் வாசலில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் வலப்பக்க மோட்டார் நின்றது. பிறகு இடப்பக்கம் ஒன்று. யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது, இன்னொன்றும் நின்றது. கரகரப்பான மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"ராக்கம்மா அக்கா வீடு" என்றாள் செல்வி. "அவங்ககிட்ட பட்டன் போன்தான் இருக்கு. மெசேஜ் போகாது."

கணேசன் செருப்பைத் தேடினான். நான் போகிறேன் என்றேன். முழங்கால் வேண்டாம் என்றது, கேட்கவில்லை.

ராக்கம்மா அக்கா வீட்டுக்குப் பின்னால் வெண்டைப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். இங்கும் குழாயில் மஞ்சள், குங்குமம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க தம்பி, தே தண்ணி குடிக்கிறீங்களா?"

"அக்கா, மோட்டார நிறுத்திருங்க. இனிமே போடாதீங்க."

"ஏன் தம்பி?" என்றார். "நீங்கதான போடச் சொன்னீங்க?"

"ஆமாக்கா. நான்தான் சொன்னேன்."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி சுவிட்சை அணைத்தார். குழாயில் ஏறியிருந்த தண்ணீர் திரும்பி உள்ளே இறங்குகிற சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.